சருகுக்கு அடியில என்ன நடக்கு

காட்டுல உள்ள மரம் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிடுது, தாய் மரம் பிள்ளை மரத்துக்கு பூமிக்கு அடியில சாப்பாடு ஊட்டுது, சாகப்போற மரம் தன்கிட்ட இருக்கதெல்லாம் பக்கத்து மரத்துக்கு எழுதி வச்சிட்டு சாவுதுன்னு ஒரு வாட்ஸப் மெசேஜ் எங்க சொந்தக்காரங்க குரூப்ல அப்பப்ப சுத்தி வந்துக்கிட்டே இருக்கும். எங்க சித்தி உருகிப்போயி அனுப்புவாங்க, பெரியப்பா மகன் உடனே "சித்தி, இதெல்லாம் உடான்ஸ், மரத்துக்கு மூளையா இருக்கு"ன்னு போடுவான், அதோட பேச்சு முடிஞ்சிரும். எனக்கு ரெண்டு பேரு சொல்லுததும் மனசுக்கு ஒப்பல. அதுல உண்மை இருக்கு, சித்தி நினைக்கிறத விட ஆழமாவே இருக்கு, ஆனா அந்த மெசேஜ்ல வார மாதிரி இல்ல. அதான் கொஞ்சம் வெவரமா எழுதிருவோம்னு உக்காந்துட்டேன்.

நான் அம்பாசமுத்திரத்துக்காரன். மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலை ரோட்டுல ஏறுனா மொதல்ல காஞ்ச காடுதான் வரும், வளைவு ஏற ஏற காத்து மாறும், காக்காச்சிகிட்ட போகும்போது பகல்லயே இருட்டிக்கிட்டு வந்துரும், சோலை ஆரம்பிச்சிரும். வெடிப்பலா, பாலி மாதிரி மரங்கள்தான் அங்க ஜாஸ்தி. வெடிப்பலாவுல பூவும் காயும் இருக்கப்ப சிங்கவால் குரங்குக்கு அங்க அதுதான் முக்கியமான சாப்பாடு.

அங்க ஒருக்க ரோட்டு ஓரத்துல பெரிய மரம் ஒண்ணு விழுந்து கெடந்துது, விழுந்து வருசக்கணக்காயிருக்கும், மேல பாசியும் சின்னச் செடியுமா மூடிருந்துது. அட்டை கால்ல ஏறுதத தட்டி விட்டுக்கிட்டே அதுக்குப் பக்கத்துல குத்த வச்சு உக்காந்து சருக லேசா விலக்கிப் பாத்தேன். மேல இருந்தது புதுசா விழுந்த இலை. அதுக்கு அடியில சதை எல்லாம் போயி நரம்பு மட்டும் மிஞ்சின இலை. அதுக்கும் அடியில இது இலை இது மண்ணுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாத கருப்பா ஈரமா ஒண்ணு, மழை வாசமும் காளான் வாசமும் கலந்து மூக்குல ஏறுது. அந்த ஈரத்துல வெள்ளை வெள்ளையா நூலு, நூலுன்னா தையல் நூலு தடிமன் கூட கிடையாது, கிளை கிளையா பிரிஞ்சு ஒரு இலைய இன்னொரு இலையோட ஒட்டி வச்சிருக்கு, ஒண்ணைத் தூக்குனா கூடவே நாலு இலை எந்திரிச்சு வருது. இன்னும் உத்துப் பாத்தா ஒரு மரத்தோட சல்லிவேரு மண்ணுல இருந்து மேல ஏறி வந்து பாதி மக்குன இலைக்குள்ள போயி படர்ந்திருந்துது. கீழ போக வேண்டிய வேரு மேல வந்து இலைய தேடுது. எனக்கு ரொம்ப நேரம் அங்கனயே உக்காந்திருக்கணும் போல இருந்துது.

இங்கன ஒண்ணு சொல்லிரணும். அந்த வெள்ளை நூலு எல்லாத்தையும் பாத்து "இதுதான் மரங்களோட இன்டர்நெட்"னு போட்டோ போடுதாங்க, அது சரியில்ல. கண்ணுக்கு அப்படித் தெரியிற நூலுல நிறைய, இலையையும் கட்டையையும் மக்க வைக்கிற பூஞ்சை. வேரோட கூட்டு சேர்ந்திருக்க பூஞ்சை வேற சாதி. அதுலயும் எங்க காட்டு மரங்கள்ல பெரும்பாலானதோட சேர்ந்திருக்கது வேரு செல்லுக்குள்ளயே போயி குடியிருக்க வகை, அதோட நூலு வெறுங்கண்ணுக்குத் தெரியவே தெரியாது, மைக்ராஸ்கோப் வேணும். இன்னொரு வகை இருக்கு, அது வேரு நுனிக்கு மேல உறை போட்டு மூடிக்கிடும், உள்ள செல்லுக்குள்ள போகாது. பைன், ஓக், பிர்ச்சு மாதிரி குளிர்நாட்டு மரங்கள்ல அதுதான் ஜாஸ்தி, நம்ம பக்கம் ஆத்தோரமா நிக்கிற கோங்கு மரத்தோட குடும்பத்துலயும் அது உண்டு. இந்த வேர்ப்பூஞ்சைக்கு 1885-ல பேரு வச்சது ஃபிராங்க்ன்னு ஒரு ஜெர்மன்காரரு. தரையில முளைக்கிற செடி கொடி மரத்துல 80 சதவீதத்துக்கு மேல ஏதாவது ஒரு பூஞ்சையோட கூட்டு வச்சிருக்குன்னு கணக்கு. மரம் வெயில்ல செஞ்ச சர்க்கரைய பூஞ்சைக்குக் கொடுக்கும், பூஞ்சை வேரு நுழைய முடியாத சந்துக்குள்ள எல்லாம் நுழைஞ்சு பாஸ்பரஸும் நைட்ரஜனும் தண்ணியும் கொண்டாந்து கொடுக்கும். இது வரைக்கும் யாருக்கும் சந்தேகம் கிடையாது. (மழை இடிச்சதும் புத்துல முளைக்கிற காளான் இதுல சேராது, அது கரையான் வளர்க்கிற பூஞ்சை, அது தனிக் கதை.)

சண்டை எங்க ஆரம்பிக்குன்னா, ஒரே பூஞ்சை ரெண்டு மரத்தோட வேருலயும் இருந்தா, ஒரு மரத்துல இருந்து இன்னொரு மரத்துக்கு அது வழியா சாப்பாடு போகுமாங்கிற இடத்துல. 1997-ல கனடாவுல சூசன் சிமார்ட்னு ஒரு அம்மாவும் அவங்க கூட்டாளிகளும் நேச்சர் பத்திரிகையில ஒரு ஆராய்ச்சி போட்டாங்க. பிர்ச்சு கன்னும் டக்ளஸ் ஃபர் கன்னும் பக்கத்துல பக்கத்துல நட்டு, இலைக்கு மேல பிளாஸ்டிக் பை மாட்டி, ஒண்ணுக்கு ஒரு வகை அடையாளம் வச்ச கார்பன், இன்னொண்ணுக்கு வேற வகைன்னு வாயுவா ஏத்தி விட்டாங்க. கொஞ்ச நாள் கழிச்சு எடுத்துப் பாத்தா அதோடது இதுல இருக்கு, இதோடது அதுல இருக்கு. அதுலயும் ஃபர் கன்னுக்கு நிழல் கட்டி வெயில மறைச்சப்ப, பிர்ச்சுல இருந்து அதுக்குப் போனது கூடிருக்கு. வெயில் கெடைக்காதவனுக்கு வெயில் கெடைச்சவன் கூட கொடுத்திருக்கான். அதப் படிச்சப்ப எனக்கு மயிர் கூச்செறிஞ்சுது, இப்ப எழுதும்போதும் அப்படித்தான் இருக்கு.

ஆனா அது கன்னு. பெரிய மரத்துல? 2016-ல சுவிட்சர்லாந்துல பாசெல் பக்கம் ஒரு காட்டுல, 40 மீட்டர் உசரமான ஸ்ப்ரூஸ் மரங்களோட உச்சிக்கு கிரேன் வச்சு ஏறி, கொப்புக்கு கொப்பு குழாய் கட்டி, அடையாளம் உள்ள கார்பன் வாயுவ விட்டாங்க. பக்கத்துல நின்ன வேற சாதி மரத்தோட, பீச், பைன், லார்ச், அதோட சல்லிவேருல எல்லாம் அந்த கார்பன் வந்து சேந்துருக்கு. அந்த இடத்துல முளைச்ச காளான்ல, மரத்தோட கூட்டு வச்ச காளான்ல அது இருந்துது, சும்மா மக்க வைக்கிற காளான்ல இல்ல. எவ்வளவு அழகா பிரிச்சுக் காட்டிருக்காங்க பாருங்க.

அப்ப பெரியப்பா மகன் தோத்தானா? முழுசா இல்ல. 2023-ல ஜஸ்டின் கார்ஸ்ட், மெலனி ஜோன்ஸ், ஜேசன் ஹோக்சேமான்னு மூணு பேரு இது வரைக்கும் வந்த ஆராய்ச்சி எல்லாத்தையும் அலசி எழுதுனாங்க. இதுல மெலனி ஜோன்ஸ் யாருன்னா, 1997 ஆராய்ச்சியில சிமார்ட் கூட சேர்ந்து பேரு போட்டவங்களே. அவங்க சொல்லுதது: காட்டுல எந்தப் பூஞ்சை எந்த மரத்தையும் எந்த மரத்தையும் இணைக்குன்னு முறையா வரைஞ்சு பாத்தது ரெண்டே ரெண்டு மர இனத்துலதான், போன கார்பன் பூஞ்சை வழியாத்தான் போச்சா இல்ல வேருல கசிஞ்சு மண்ணு வழியா போச்சான்னு பல இடத்துல பிரிச்சுப் பாக்கல, பெரிய மரம் தன் பிள்ளைய அடையாளம் கண்டு அதுக்கு மட்டும் கூட அனுப்புதுங்கிறதுக்கு காட்டுல எடுத்த ஆதாரம் கிடையாது. தன் சொந்த வேலையையே இப்படி உரசிப் பாக்குத ஆளுங்கள எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆக, தாய் மரம் பிள்ளைக்கு ஊட்டுதுங்கிறது இன்னைக்கு நிலைமையில நிரூபணம் இல்லாத பேச்சு. மரத்துக்கும் மரத்துக்கும் நடுவுல பொருள் போகுதுங்கிறது உண்மை. எந்த வழியா, எவ்வளவு, அதனால வாங்குன மரத்துக்கு என்ன லாபம், இதுலதான் தகராறு.

எனக்கு இன்னொரு விதமாவும் தோணும். நாம எப்பவும் மரத்தையே கதாநாயகனா வச்சுப் பேசுதோம், பூஞ்சைய வெறும் ஒயர்னு நினைக்கோம். பூஞ்சைக்கும் ஒரு பிழைப்பு இருக்குல்லா? அது பத்து மரத்துகிட்ட சர்க்கரை வாங்குது, அதுல ஒண்ணு செத்தா அதுக்கு நஷ்டம், அதனால அது எல்லாரையும் உசுரோட வச்சிருக்கப் பாக்கலாம். ஊர்க்கிணறு மாதிரின்னு வச்சுக்கோங்க, அங்க யாரும் யாருக்கும் தானம் பண்ணல, ஆனா கிணறு தூந்து போச்சுன்னா ஊரே போச்சு. அன்பு பாசம்னு சொல்லாமயே அந்தக் கூட்டு எவ்வளவு பெருசுன்னு புரியும்.

இனி காத்து வழியா பேசுத கதைக்கு வாரேன். களக்காடு பக்கம் எங்க பெரியப்பா ஆடு வச்சிருக்காவ. அந்தப் பக்கம் பூரா குடை விரிச்சு நிக்கிற உடை மரந்தான், ஆட்டுக்கு அதோட இலையும் நெத்தும்னா உசுரு. ஒரு நாள் அவங்களோட மேய்ச்சலுக்குப் போயிருந்தப்ப சொன்னாவ, "எய்யா, ஒரே மரத்துல கட்டிப் போட்டாலும் நாள் பூரா திங்காது பாத்துக்கிடு. கொஞ்ச நேரத்துல இலை கசந்து போவும், ஆடு மூஞ்சத் திருப்பிரும். அவுத்து விட்டம்னா அதுக்கே தெரியும் எப்ப நவரணும்னு." இலை கசக்கும்னு எப்படி பெரியப்பா தெரியும்னு கேட்டேன். "நான் தின்னு பாத்திருக்கம்லா" அப்படின்னாவ. ஆடு இயல்பாவே நின்ன எடத்துல நிக்காம நவந்து நவந்து மேயுத சாதி, அதனால இத மட்டும் வச்சு மரம் என்ன செய்யுதுன்னு சொல்லிர முடியாது. ஆனா அவங்க சொன்னதுக்கும் தென்னாப்பிரிக்காவுல நடந்ததுக்கும் ஒரு ஒத்துமை இருக்கு. 1980-கள்ல அங்க டிரான்ஸ்வால் பக்கம் வேலி போட்டு மான் வளர்க்கிற பண்ணைகள்ல குடுன்னு சொல்லுத பெரிய மான் கூட்டமா செத்துது. வான் ஹோவன்னு ஒரு ஆராய்ச்சியாளர் போயி பாத்தப்ப, அதோட வயித்துல வேல மரத்து இலை, இலையில டானின்னு சொல்லுத துவர்ப்புப் பொருள் எக்கச்சக்கம். கடிபட்ட மரம் டானின கூட்டுது, கூடவே எத்திலீன்னு ஒரு வாயுவ விடுது, காத்து போற பக்கத்துல உள்ள மரமும் கடிபடாமயே டானின கூட்டிக்கிடுதுன்னு அவரு சொன்னாரு. வெளிக்காட்டுல இருந்தா மான் நவந்து போயிருக்கும். வேலிக்குள்ள மழையும் இல்லாம வேற தீனியும் இல்லாம அதையே தின்னு செத்துது. இந்த எத்திலீன் பாதிய இன்னும் நல்லா சோதிச்சிருக்கணும்னு சொல்லுதவங்களும் உண்டு.

அதுக்கு முன்னாடியே 1983-ல அமெரிக்காவுல பால்ட்வின், ஷுல்ட்ஸ்னு ரெண்டு பேரு பாப்ளர், மேப்பிள் கன்னுல இலைய கிழிச்சு விட்டு, அதே கண்ணாடி அறையில காத்து மட்டும் பொதுவா இருந்த, கிழிபடாத கன்னுலயும் காப்பு ரசாயனம் ஏறுதுன்னு காட்டுனாங்க. அப்ப கேலி பண்ணவங்க நிறைய. இன்னைக்கு தக்காளி மாதிரி பல செடியில இந்த வாசனைப் பேச்சு நிரூபணமான விஷயம். புல்லு வெட்டுனதும் ஒரு பச்சை வாசம் வருதுல்லா, அந்த வாசத்துல உள்ள பொருளுகளும் இந்தக் கூட்டத்துலதான் சேரும். பேச்சுன்னு நாம சொல்லுதோம், பக்கத்துச் செடி ஒட்டுக்கேட்டுக்கிடுதுன்னு சொன்னா இன்னும் பொருத்தமா இருக்கும்னு எனக்குப் படுது.

சரி, பூஞ்சை சண்டை எப்படி வேணா முடியட்டும். மரத்துக்கு மரம் ஆதரவுங்கிறதுக்கு யாரும் மறுக்க முடியாத ஒரு சாட்சி இருக்கு, அதப் பத்தி யாரும் வீடியோ போடுதது இல்ல. பிரேசில்ல அமேசான் காட்டுல மனௌஸ் நகரத்துப் பக்கம் 1979-ல இருந்து ஒரு ஆராய்ச்சி நடக்கு. காட்டை வெட்டி மேய்ச்சல் நிலமாக்கும்போது நடுவுல துண்டு துண்டா காட்ட விட்டு வச்சு, அந்தத் துண்டுல மரம் என்ன ஆகுதுன்னு வருசக்கணக்கா எண்ணுதாங்க. 2000-ல வந்த கணக்குப்படி, ஓரத்துல இருந்து 300 மீட்டருக்குள்ள நிக்கிற பெரிய மரங்கள் உள்காட்டு மரங்கள விட கிட்டத்தட்ட மூணு மடங்கு வேகமா சாவுது. யாரும் அந்த மரத்துல கோடாலி வைக்கல. பக்கத்துல நின்ன மரம் போச்சு, அவ்வளவுதான். வெயில் பக்கவாட்டுல அடிக்கு, ஈரம் போவுது, காத்து நேரா வந்து மோதுது, கூட்டமா நிக்கும்போது எல்லாரும் பங்கு போட்டுக்கிட்ட காத்த இப்ப ஒத்தையா வாங்குது.

அதப் படிச்சதுல இருந்து மாஞ்சோலை பக்கம் போனா என் கண்ணு சோலையும் தேயிலையும் சந்திக்கிற அந்த ஓரத்துலயே நிக்கி. 1929-ல ஒரு கம்பெனி சிங்கம்பட்டி ஜமீன்கிட்ட இருந்து 99 வருசக் குத்தகைக்கு எடுத்து, 8,000 ஏக்கருக்கு மேல, தேயிலை போட்ட மலை அது. குத்தகை 2028-ல முடியுது, இப்ப எஸ்டேட் வேலை நின்னு போச்சு, தலைமுறை தலைமுறையா அங்கயே பொறந்து வளந்த சனங்க கீழ எறங்க வேண்டிய நிலைமை, அவங்களுக்கு நல்ல வழி கெடைக்கணும், அத விட்டுட்டு காட்டைப் பத்தி மட்டும் பேச எனக்கு மனசு வராது. அந்த மண்ண மறுபடி காடாக்கணும்னு பேச்சு ஓடுது. ஆக்கணும்தான். ஆனா தேயிலை பாத்தி நடுவுல குழி தோண்டி வரிசையா கன்னு வச்சா காடு வந்துராது. அங்க சோலை ஓரம் இருக்கு பாத்தியளா, அங்க இருந்து கொஞ்சம் கொஞ்சமா வெளிய நகத்திக்கிட்டு வரணும்னு என் அபிப்பிராயம். அந்த ஓரத்து மண்ணுல பூஞ்சை ஏற்கனவே இருக்கு, நிழல் இருக்கு, விதை கொண்டு போட இருவாச்சியும் குரங்கும் இருக்கு.

மண்ணுல பூஞ்சை இருக்கணுமாங்கிறது வெறும் பேச்சு இல்ல. போர்ட்டோ ரிக்கோ தீவுல பைன் மரம் வளக்கணும்னு 1930-கள்ல இருந்து விதை போட்டுப் போட்டுப் பாத்தாங்க, முளைக்கும், மஞ்சளாகும், சாகும். அந்த மண்ணுல பைனுக்கு வேண்டிய பூஞ்சை கிடையாது. 1955-ல அமெரிக்காவுல பைன் காட்டு மண்ண கொண்டாந்து கன்னுக்குப் போட்டாங்க, அதுக்கப்புறந்தான் பச்சை புடிச்சு எந்திரிச்சுது. தண்ணியும் உரமும் வெயிலும் மாறல, மாறுனது அந்தக் கொஞ்ச மண்ணுதான்.

தண்ணி விஷயத்துலயும் இப்படி ஒண்ணு உண்டு. டாட் டாசன்னு ஒருத்தர் 1993-ல காட்டுனது, மேப்பிள் மரம் ராத்திரியில ஆழத்துல இருந்து தண்ணிய இழுத்து மேல் மண்ணுல கசிய விடுது, சுத்தி நிக்கிற ஆழ வேரு இல்லாத சின்னச் செடி எல்லாம் அதக் குடிச்சுப் பொழைக்குது. சுவிட்சர்லாந்து ஆளுங்களும் நம்ம நாட்டு ஆளுங்களும் சேர்ந்து துவரையையும் கேழ்வரகையும் பக்கத்துல பக்கத்துல போட்டு சோதிச்சாங்க, ஆழ வேரு போட்ட துவரை எடுத்த தண்ணி பூஞ்சை உதவியோட கேழ்வரகுக்கு ஆதாயமாகுதுன்னு பாத்தாங்க. எங்க தாத்தா மானாவாரியில சோளத்துக்கு ஊடால துவரை போடுவாரு. கேட்டா "சேந்து கெடந்தா ரெண்டும் நல்லாருக்கும்லே"ன்னு மட்டுந்தான் சொல்லுவாரு.

இப்ப நம்ம மருத மரத்துக்கு வாரேன், இத எழுத ஆரம்பிச்சதே அதுக்குத்தான். பாபநாசத்துல இருந்து கீழ தாமிரபரணி கரையில ரெண்டு பக்கமும் நீர்மருது நிக்கும், வெள்ளைத் தோலு உரிஞ்சு, நாலு பேரு கை கோத்தாலும் அணைக்க முடியாத மரம் எல்லாம் இருக்கு. ரோட்டோரத்துலயும் இப்படி நின்னுது, ரோட்டை அகலப்படுத்தும்போது போச்சு. ஒண்ணுக்குப் பத்து நடுவோம்னு வழக்கமா சொல்லுததுதான். நடுதாங்க, இல்லேன்னு சொல்லல. ஜல்லியும் கிராவலும் கொட்டுன ரோட்டு ஓரத்துல ஒரு அடி குழியில கூண்டு வச்சு ஒத்தையா நடுதாங்க, அடுத்த மரம் எங்கயோ இருக்கு, சருகு விழுந்தா குப்பைன்னு கூட்டித் தீ வச்சிருதாங்க. அந்தக் கன்னு யாரோட கூட்டு சேரும்? ஆத்தங்கரையிலயே கூட மரத்தச் சுத்தி தூரு வரைக்கும் சிமெண்ட் போட்டு திண்ணை கட்டுதாங்க, சாமி மரத்துக்கு மரியாதைன்னு நினைச்சு செய்யுதாங்க, எனக்கு அதப் பாத்தாலே நெஞ்சு அடைக்கும். சருகு எரிக்கிற பொகைய பாக்கும்போதெல்லாம் காக்காச்சியில இலைக்குள்ள ஏறி வந்த அந்தச் சல்லிவேருதான் நினைப்புக்கு வருது.

எங்க தெருப் பசங்க சில பேரு சேர்ந்து அம்பை ஆத்துப்பாலத்துக்குக் கீழ மருது வைக்கிறோம். வரிசையா வைக்கிறது இல்ல, பழைய மரத்தோட நிழல் முடியிற எடத்துல இருந்து ஆரம்பிச்சு கூட்டமா, நடுவுல நாவலும் புங்கையும் கலந்து வைக்கிறோம். ஒவ்வொரு குழிக்கும் பழைய மருதுக்கு அடியில உள்ள மேல் மண்ணு ரெண்டு கை அள்ளிப் போடுதோம், ஆழமாத் தோண்டாம, ஒரே எடத்துல எடுக்காம, அங்கங்க கொஞ்சம் கொஞ்சமா. (காட்டுக்குள்ள போயி மண்ணு எடுத்துட்டு வரக்கூடாது, அது புலிகள் காப்பகம், அந்த மண்ணு அங்கயே கெடக்கட்டும்.) மேல சருகு போட்டு மூடிருதோம். கோயில்ல சருக எரிக்கிறதுக்குப் பதிலா சாக்குல கட்டி வச்சிருங்க, நாங்க வந்து எடுத்துக்கிடுதோம்னு பூசாரி அண்ணாச்சிகிட்ட சொன்னோம், இப்ப அவரே போன் பண்ணி கூப்பிடுதாரு.

வார புரட்டாசி கடைசி ஞாயித்துக்கிழமை காலையில ஐப்பசி மழைக்கு முன்னாடி அடுத்த கூட்டம் கன்னு வைக்கிறோம். பக்கத்துல இருக்கவங்க வாங்க. கன்னு எங்ககிட்ட இருக்கு, மம்பட்டி இருந்தா எடுத்துட்டு வாங்க, வீட்டுல சருகு கூட்டி வச்சிருந்தீங்கன்னா அதையும் ஒரு சாக்குல போட்டுக் கொண்டாங்க.